மாடியறைக் கருடன்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் உஷாவின் வீட்டுக்குக் கதவு எண் என்று ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. 'நாய் பூனை வீடு' என்றால் போதும், ஆட்டோக்காரர் நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எங்கே அணில்குஞ்சு விழுந்தாலும், எந்தக் கிளியின் சிறகு முறிந்தாலும், கண்டெடுத்தவர்கள் அதைச் செருப்புப் பெட்டியில் வைத்து இங்கேதான் எடுத்து வருவார்கள். உஷாவும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாத ஜன்மம்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அந்த வீட்டின் நிரந்தரக் குடித்தனக்காரர்கள் ஒரு நாயும் மூன்று பூனைகளும். நாயின் பெயர் கர்னல். மிலிட்டரி லாரியில் அடிபட்டுப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்ததால் கிடைத்த பட்டம் அது. மற்றவர்கள் எல்லாம் வந்துபோகிறவர்கள். கொல்லையில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளுக்கு அடியில் ஒரு கீரிக் குடும்பம். சமையலறைக் கூரைமேல் தடதடவென்று ஓடும் மரநாய் ஒன்று. அதற்கு வாழைப்பழம் வைத்தால் தோலை மட்டும் மரியாதையாக விட்டுவிட்டுப் போகும். கொல்லைச் செர்ரி மரத்துக்கு வௌவாலும் தேன்சிட்டும் குயிலும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு வரும். மகன் ரகுராம் புனேவுக்கு வேலைக்குப் போனபிறகு உஷாவுக்குப் பேச்சுத்துணையே இவர்கள்தான். உலகத்தில் தன் கையால் உண்டாக்கியது என்று அவள் சொல்லிக்கொள்ளக்கூடியது இந்த ஒன்றுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இதற்கெல்லாம் அவள் கணவர் கோவிந்தராஜன் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்காதவர் கிடையாது. மனிதர் அப்படிப்பட்ட ஆசாரம். நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருச்சூர்ணம் இட்டுக்கொள்ளாமல் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறமாட்டார். பேக்கரி பன்னைக்கூட முட்டை கலந்திருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். ஆனால் நல்ல மனசு. கர்னல் வந்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார், போட்டதோடு சரி, அதற்குப் பிறகு எதையும் தடுக்கவில்லை.

"யார் வேணா வரட்டும், இருக்கட்டும். நம்ம வீட்டுல என்ன சமைக்கிறோமோ அதைத்தான் சாப்பிடணும். ஒரு நாள் கவுச்சி இந்த வாசப்படி தாண்டி வந்துச்சுன்னா, அன்னைக்கே எல்லாரையும் வெளியே அனுப்பிடுவேன். அப்புறம் அழக்கூடாது."

உஷா சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவளும் பிறந்ததிலிருந்து சைவம்தானே. கர்னல் மூன்று நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, நான்காவது நாள் தயிர்சாதத்துக்கு வழிக்கு வந்துவிட்டான். பூனைகள் பாலும் இட்லியும் சாப்பிட்டன. மதில் சுவருக்கு அந்தப்பக்கம் போய் என்ன செய்தன என்பது பூனைகளுக்கும் உஷாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். எப்போதாவது சமையலறை வாசலில் ஒரு எலி வாலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும். அவர் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் உஷா பெருக்கித் தள்ளிவிடுவாள். கீரிகூட முறுகல் தோசை என்றால் ஓட்டுக்கு அடியிலிருந்து வெளியே வரும். கோவிந்தராஜனுக்கு இதில் ஏகப் பெருமை. நம்ம வீட்டுத் தண்ணீர் பட்டால் புலிகூடத் தயிர்சாதம் சாப்பிடும் என்று ஃபேக்டரியில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் புரட்டாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. அந்த மாதத்தில் தெருவே பெருமாளுக்கு விரதம் இருக்கும். வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற வீடுகள்கூடச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடும். கோவிந்தராஜன் குளித்து, மாவிளக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் கர்னல் குரைக்க ஆரம்பித்தான். போய்ப் பார்த்தால், செர்ரி மரத்தில் ஆடி மாதத்துக் காத்தாடி நூல் ஒன்று சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் மாட்டிக்கொண்டு ஒரு பெரிய பறவை தலைகீழாக அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செம்மண் நிறத்தில் இறக்கை. அந்த இறக்கையில் மாஞ்சா நூல் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

"கருடன்," என்றார் கோவிந்தராஜன். மாவுக் கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்படியே கும்பிட்டுக்கொண்டு நின்றிருந்தால் அவர் வேறு மனிதர். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, கத்தரிக்கோலால் நூலை வெட்டி, பறவையை மடிப்பு வேட்டியோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். அது முன்கையில் நகத்தை இறக்கியது. இரத்தம் முழங்கையில் வழிந்தது. மனிதர் விடவில்லை. உஷாவுக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இருபத்தாறு வருஷத்தில் எப்போதும் இல்லாத பிரியம் வந்தது.

அவர் பூஜையில் உட்காரவேண்டியிருந்ததால் பறவையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை உஷாவுக்கு வந்தது. பின்வீட்டு ஜோசஃபின் துணைக்கு வந்தாள். டெய்லரிங் கிளாஸ் நடத்துகிறவள், ஒண்டிக்கட்டை, வாய் கொஞ்சம் நீளம், உஷாவுக்கு இருபது வருஷ சிநேகிதி. கால்நடை டாக்டர் இறக்கையைத் தைத்துவிட்டு, எலும்பு தப்பித்துவிட்டது, ஆனால் பறக்க ஒன்றரை மாதமாவது ஆகும் என்றார். அங்கே வைத்துக்கொள்ளக் கூண்டு காலியில்லை. மூடிய அறை ஏதாவது இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மீன், கோழி, முள்ளும் எலும்புமாகச் சின்னத் துண்டு போட்டு இடுக்கியில் கொடுங்கள், பாலையோ தண்ணீரையோ வாயில் ஊற்றிவிடாதீர்கள் என்று சொல்லும்போது உஷாவின் முகத்தைப் பார்த்து, "நீங்க வெஜிடேரியனா?" என்றும் கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அவளுக்கு அதே யோசனை. மூடிய அறை இருக்கிறது. மாடியில் ரகுராம் படித்த அறை. ஜோசஃபின் இருப்பது ஒற்றை அறையும் தையல் மிஷின்களும், அங்கே வைக்க முடியாது. வைக்க முடிந்தாலும் புரட்டாசிச் சனிக்கிழமை தேடி வந்த கருடனைக் கோவிந்தராஜன் வேறு வீட்டுக்கு அனுப்புவாரா?

டாக்டர் சொன்னதை அவள் மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னாள். கோவிந்தராஜன் கோபப்படவில்லை, சிரித்தார். டாக்டர் பருந்துக்குச் சொல்லியிருப்பார், இது கருடன் என்றார். கர்னலை உதாரணம் காட்டினார். நாய் மாறவில்லையா, கீரி மாறவில்லையா, பெருமாளையே சுமக்கிறவன் பால் குடிக்கமாட்டானா என்றார். மாடியறையைக் கழுவிவிட்டு, பூஜை வெள்ளிக் கிண்ணத்தில் பசும்பாலும், வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலும் வைத்துவிட்டு வந்தார்.

கருடன் பழைய கட்டிலின் கம்பியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. திங்கட்கிழமை கம்பியிலிருந்து இறங்கித் தரையில் மூலையோடு ஒதுங்கிவிட்டது. கண்ணை மூடி மூடித் திறந்தது. பொங்கலில் எறும்பு மொய்த்திருந்தது. எத்தனையோ குஞ்சுகளைக் கையில் வைத்துப் பார்த்தவள் உஷா. சாகப்போகிற பறவை இறகை உப்பவைத்துக்கொண்டு எப்படி உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

சட்டம் ஒருபக்கம், இது ஒருபக்கம். கவுச்சி வாசப்படி தாண்டினால் கர்னல் போகவேண்டும், பூனைகள் போகவேண்டும், இத்தனை வருஷமாகச் சேர்த்த வீடு காலி. கோவிந்தராஜன் சொன்னதைச் செய்கிறவர், விளையாட்டுக்குக்கூட வாயை விடமாட்டார். தாண்டாவிட்டால் இது நாளைக்குப் பிழைக்காது. உஷா மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொல்லை மதிலருகே போய் ஜோசஃபினைக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுல இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி. ஜோசஃபினுக்குப் புரிந்துவிட்டது. குழம்பில் போடுவதற்கு வைத்திருந்த மத்தி மீனில் இரண்டை, கழுவி நறுக்கி, பிளாஸ்டிக் கவரில் கட்டி மதில்மேல் வைத்தாள். "உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைத்தான் வைவாரு, பரவால்ல போ," என்றாள்.

உஷா மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, கவரைக் கைநீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ வெடிகுண்டைக் கொண்டுபோகிறவள் மாதிரி மாடி ஏறினாள். இடுக்கியும் ஜோசஃபினுடையதுதான். முதல் துண்டை நீட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தாள். கருடன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, மீனைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. பிறகு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. இரண்டு மீனும் தீர்ந்தபோது இடுக்கியின் நுனியையும் கொத்திப் பார்த்தது. உஷாவுக்குக் குமட்டிக்கொண்டும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றிலிருந்து அவர் பஸ் ஏறியதும் மதில்மேல் கவர் வந்துவிடும். உஷா மாடியறையைத் தினமும் கழுவினாள், சாம்பிராணி போட்டாள், கட்டுக்கட்டாக ஊதுவத்தி ஏற்றினாள். வெள்ளிக் கிண்ணத்துப் பாலைப் பூனைகளுக்கு ஊற்றினாள். அந்த மாதத்தில் பூனைகள் மூன்றும் பூசணிக்காய் மாதிரி உருண்டுபோயின. ஃபேக்டரியிலிருந்து வந்ததும் கோவிந்தராஜன் மாடிக்குப் போய் காலிக் கிண்ணத்தைப் பார்ப்பார். கம்பிமேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் கருடனைப் பார்ப்பார். சாம்பிராணி வாசனையை இழுத்து மூச்சு விடுவார். இத்தனை வருஷம் கழித்து உனக்கும் பக்தி வந்துவிட்டது உஷா என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். அவள் ஊதுவத்திச் சாம்பலைத் துடைக்கக் குனிந்துகொண்டாள்.

விஷயம் ஃபேக்டரி முழுக்கப் பரவியது. அடுத்த சனிக்கிழமை அவர் செக்‌ஷன் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பால் குடிக்கும் கருடனை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டார்கள். கோவிந்தராஜன் எல்லோருக்கும் புளியோதரை கொடுத்து, கருடன் வந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர் இவ்வளவு பேசி உஷா பார்த்ததே இல்லை. அவர் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஊரைக் கூட்டிச் சொன்னபிறகு உண்மை தெரிந்தால் அவமானம் அவருக்கு மட்டுமா?

மூன்றாம் வாரம் ஜோசஃபினின் தங்கைக்குக் கோலாரில் பிரசவம். போகவேண்டியதாகிவிட்டது. இரண்டு நாளுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போனாள். ஃப்ரிட்ஜில் வைக்கமுடியாதே, மறுநாளே அதைக் கொட்டவேண்டியதாயிற்று. தெருவில் வேறு யாரிடமும் புரட்டாசியில் மீன் கேட்கமுடியாது. ஆகவே உஷா சிவாஜிநகர் பஸ் ஏறினாள்.

சிவாஜிநகரில் அவள் துணி எடுத்திருக்கிறாள், பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருக்கிறாள். மீன் கடைப் பக்கம் மட்டும் போனதில்லை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். ஒரு பக்கம் ஏலம், ஒரு பக்கம் உரலில் மஞ்சள் இடிப்பது மாதிரிக் கத்திகளின் சத்தம். 'போலோ அம்மா, க்யா ஹோனா', என்ன வேண்டும் என்று கடைக்காரர் உருதுவில் கேட்டதும் அவளுக்கு மீன் பெயர் மறந்துபோய்விட்டது. கைவிரலைக் காட்டி இவ்வளவு நீளம் இருக்கும் என்றாள். மத்தி வந்தது. அதைப் பையில் வாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேகமாகத் திரும்பினாள். அங்கேதான் கால் வழுக்கியது.

கணுக்காலில் எலும்பு விரிசல். கட்டுப்போட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து சேரும்போது மீன் எந்தச் சாக்கடையில் போயிற்றோ தெரியாது. பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டேன் என்று கோவிந்தராஜனிடம் சொன்னாள். மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் எவ்வளவு தூரம், அதுவும் ஒருவகையில் உண்மைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அவர் லீவு போட்டுவிட்டார். சாதம் வடித்தார், கர்னலுக்குத் தயிர் பிசைந்து போட்டார், அவள் காலுக்குத் தலையணை வைத்தார். கருடனைப் பற்றிக் கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

கீழே கட்டிலில் படுத்துக்கொண்டு உஷா அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏறுவார், கொஞ்சநேரம் சத்தமே இருக்காது, இறங்குவார். பால் அப்படியே இருக்கிறது என்பார். சூடு அதிகமோ என்று ஆற்றிக்கொண்டு போவார். தேன் கலந்து போவார், பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை போட்டுப் போவார். மறுநாள் நெய் விட்டுப் பொங்கலே வைத்தார். மனிதருக்கு அடுப்பு பக்கம் பழக்கமில்லை, அடிப்பிடித்து வீடே தீய்ந்த வாசனை. அதையும் சுரண்டிப்போட்டுவிட்டு மறுபடியும் வைத்தார். அன்று சாயங்காலம் இறங்கி வந்தவர் கம்பியைவிட்டு இறங்கிவிட்டது என்றார்.

மூன்றாம் நாள் காலை கோவிந்தராஜன் ததும்பத் ததும்பப் பாலோடு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவள் கட்டிலருகில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை. நெற்றியில் திருச்சூர்ணம் கோணலாக இருந்தது.

"நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன் உஷா. நீ கொடுத்தப்ப எல்லாம் குடிச்சுது. என் கையில வாங்கமாட்டேங்குது. ஊரைக் கூப்பிட்டுப் பெருமை அடிச்சேன் இல்ல, பெருமாளுக்குப் பிடிக்கலை. என்னாலதான் அது சாகப்போகுது."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. உஷா அவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கருடன் செத்துப்போகும், பழி பெருமாள்மேல் போகும், வீடு அப்படியே இருக்கும், கர்னல் வாசலில் படுத்திருப்பான். ஒரு நிமிஷம் அவள் அதையும் நினைத்துப் பார்த்தாள். நினைத்த வேகத்தில் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை," என்றாள். "அது ஒரு நாளும் பால் குடிக்கலைங்க. பூனைங்க குடிச்சுது. அதுக்கு நான் மீன் கொடுத்தேன். முதல் வாரத்துல இருந்து, தினமும், மாடியிலேயே. அன்னைக்கு நான் விழுந்தது மீன் மார்க்கெட்டுல."

கோவிந்தராஜன் அசையவில்லை. கிண்ணத்திலிருந்து பால் அவர் வேட்டியில் சொட்டியது, அதையும் கவனிக்கவில்லை. அவளுக்குத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெளியே போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

உஷாவால் எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. கர்னல் உள்ளே வந்து கட்டுப்போட்ட காலை முகர்ந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டான். கார்ப்பரேஷன் வண்டியைக் கூப்பிடப் போயிருக்கிறாரா? அப்படிச் செய்கிற மனிதர் இல்லை. ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர். ஜோசஃபினிடம் கர்னலை விடலாம், மிஷினுக்கு அடியில் படுத்துக்கொள்வான். பூனைகளைப் பிரிக்கவேண்டும். கிழட்டுப் பூனையை யார் எடுப்பார்கள்? கீரிக்கு வீடு மாறத் தெரியும், மரநாய்க்குத் தெரியும். தெரியாதது எனக்குத்தான் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். மாடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வெயில் ஏறி ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு வந்துவிட்டது. கேட் திறந்தது. கோவிந்தராஜன் வாசலில் நின்றார். ஒரு கையில் மஞ்சள் துணிப்பை. உடம்பில் படாமல் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அடியில் ஈரம். சட்டையெல்லாம் தெறித்த தண்ணீர். நெற்றியில் திருச்சூர்ணம் வியர்வையில் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. வாசப்படிக்கு வெளியே நின்றவர், பையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"கத்தியும் வாங்கிட்டேன்," என்றார். "நம்ம அரிவாள்மணை வேண்டாம். எவ்வளவு சின்னதா நறுக்கணும், அதைச் சொல்லு."

உஷா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு. மூணு நாளா அது என் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. நான் பாலைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பாலைக் காட்டினேன். பசியோட வந்ததை வீட்டுல வெச்சுக் கும்பிட்டுக்கிட்டிருந்திருக்கேன். பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

உஷா சுண்டுவிரலின் முதல் கணுவைக் காட்டினாள். முள்ளை எடுக்கவேண்டாம், தலையும் வேண்டும் என்றாள். இடுக்கி மாடியில் பழைய அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறது என்றும் சொல்லவேண்டியிருந்தது. அவர் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நறுக்கினார். நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் வாந்தி எடுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பூனைகள் மூன்றும் அவரைச் சுற்றிக் கச்சேரி வைத்தன. அவற்றுக்கும் ஆளுக்கொரு துண்டு போட்டிருக்கவேண்டும், சற்று நேரத்தில் பூனைகளின் சத்தம் அடங்கிவிட்டது.

அவர் மாடி ஏறினார். கதவு திறந்தது. உஷா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாள், யாரைக் கும்பிடுகிறோம் என்று யோசிக்கவில்லை. நேரமாகிவிட்டதோ, மூன்று நாள் பட்டினி, வாயில் வாங்கத் தெம்பு இருக்குமோ. மாடியில் நாற்காலி நகரும் சத்தம். தரையில் உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் குரல் மெதுவாகக் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. ரகுராம் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் சாப்பிடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்போது இந்தக் குரலில்தான் பேசுவார். அதற்குப் பிறகு அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் படியில் காலடிச் சத்தம். பாதிப்படியில் நின்றுகொண்டே சொன்னார்.

"வாங்கிக்கிச்சு, உஷா. முதல் துண்டைக் கீழே போட்டுடுச்சு. ரெண்டாவதை வாங்கிக்கிச்சு. எல்லாத்தையும் சாப்பிட்டுடுச்சு. இன்னும் கேட்குது."

சொல்லிவிட்டு மனிதர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். உஷா கட்டிலில் அழுதாள். கட்டிலுக்கு அடியிலிருந்த கர்னல் யாரிடம் போவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றான்.

மீன் கடையில் என்ன நடந்தது என்று அவர் அப்புறம்தான் சொன்னார். நெற்றியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் வழி தப்பி வந்துவிட்டீர்களா, கோயில் அந்தப்பக்கம் என்றாராம். பறவைக்கு வேண்டும் என்று சொன்னதும், இரண்டு நாள் முன்னால் ஒரு அம்மாவும் இப்படித்தான் வந்து விழுந்தார்கள், அதே பறவையா என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றார்.

அடுத்த சனிக்கிழமை செக்‌ஷன் ஆட்கள் வந்தார்கள். பால் குடிக்கும் கருடனைக் காட்டச் சொல்லிச் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோவிந்தராஜன் எல்லோருக்கும் புளியோதரை கொடுத்தார். பால் குடிக்கவில்லை, மத்தி மீன்தான் சாப்பிடுகிறது, நானே நறுக்கிக் கொடுக்கிறேன் என்று நேராகச் சொன்னார். சிலர் புளியோதரையைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். அவருக்கு அது உறைத்தது, இரண்டு நாள் முகம் வாடியிருந்தார். ஆனால் மீன் வாங்கப்போவது நிற்கவில்லை. கோலாரிலிருந்து திரும்பிய ஜோசஃபின், பையும் கையுமாக வரும் அவரைத் தெருமுனையில் பார்த்துவிட்டு, வாய்திறந்து பேசாமல் போனது அந்த ஒருநாள்தான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் டாக்டர் வந்து பார்த்து, இனி விடலாம் என்றார். உஷா கட்டுப் பிரித்த காலை மெதுவாக ஊன்றிப் படியேறி வந்தாள். கோவிந்தராஜன் மாடியறைக் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கருடன் நடந்து வெளியே வந்தது, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றது. இறக்கையை ஒருமுறை விரித்து மடக்கியது. பிறகு தாழ்வாக, கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்தபடி, எதிர்வீட்டு மாடியைத் தாண்டிப் பறந்தது. விழுந்துவிடுமோ என்று உஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது விழவில்லை. உயர ஏறி, ஒரு வட்டம் போட்டு, அல்சூர் ஏரிப் பக்கம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கோவிந்தராஜன் மாடியறையைக் கழுவினார். கத்தியையும் இடுக்கியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மீன் வாங்கிய மஞ்சள் பையைக் கொல்லையில் அலசிக்கொண்டிருந்தபோது, அதைத் தூக்கிப் போட்டுவிடலாமே, இனி எதற்கு என்று உஷா கேட்டாள்.

அவர் பையை நன்றாக உதறி, செர்ரி மரத்தடிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்.

"இருக்கட்டும்," என்றார். "அடுத்து யார் வருவாங்களோ, என்ன சாப்பிடுவாங்களோ."